ஒட்டியிருந்தால் பிரித்துப் போடவும்

அன்பும் மரியாதையும் உள்ள சித்தப்பாவுக்கு,

முதலில் மீசையைத்தான் பார்த்தேன். நீங்களும் சித்தியும் நலமா என்று கேட்ட பிறகுதான் இதைச் சொல்ல வேண்டும், அந்த முறை எனக்கும் தெரியும். ஆனால் சாப்பாட்டு நேரத்துக்குள் எழுதி முடிக்க வேண்டும். அதனால் நலம் விசாரித்ததாக வைத்துக்கொள்ளுங்கள். சித்தியின் முட்டிவலியையும் சேர்த்தே விசாரித்ததாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பூச்சியின் நீண்ட மீசை இரண்டும் இன்னொரு பூச்சியின் உடம்பை வளைத்துப் பிடித்திருந்தன. சிக்கிக்கொண்ட மீசை அப்படி இருக்காது சித்தப்பா. பஸ்ஸில் கூட்டம் நெரிக்கும்போது கூட வந்தவரின் கையை விடாமல் பிடிப்பார்களே, அப்படி இருந்தது.

பூச்சி என்று சொன்னால் எங்கள் கடல் ஆராய்ச்சிக்கூடத்து டாக்டருக்குக் கோபம் வரும். அது இறாலுக்கும் நண்டுக்கும் தூரத்துச் சொந்தமாம். கடலடி மணலில் புதைந்து வாழ்கிறது, ஓர் அரிசியில் பாதிகூட இருக்காது. உருண்டைத் தலை, குச்சி வால். எனக்குக் கரண்டி மாதிரித் தெரியும், இங்கே படம் வரைகிற அக்காவுக்குக் காற்புள்ளி மாதிரித் தெரியும். படகில் வருகிற மணலைச் சல்லடையில் கழுவி, மிஞ்சியதைத் தட்டில் பரப்பி, நுண்ணோக்கியில் பார்த்து இடுக்கியால் பொறுக்கி, இனம் இனமாகக் குப்பியில் போடுவதுதான் என் வேலை. வாயே திறக்க வேண்டாம் என்றுதானே நீங்களும் இதைப் பிடித்துக் கொடுத்தீர்கள்? வகுப்பில் பெயர் கூப்பிட்டால் எனக்குக் குரல் வராமல், தினமும் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தும் எட்டு மாதம் வரவில்லை என்று பதிவாகி, பரீட்சைக்கே விடாமல் அனுப்பப்பட்டவள் நான். செத்த பூச்சிகள் பெயர் கூப்பிடாது என்று நிம்மதியாக இருந்தேன்.

இதில் இரண்டு ஆட்கள் முக்கியம். ஒருத்திக்குப் பைக்காரி என்று நானே பெயர் வைத்திருக்கிறேன். வயிற்றடியில் முட்டை சுமக்கிற பை இருக்கும், அல்லது பை வரப்போகிற அடையாளமாவது இருக்கும். அவளுடைய இனத்துக்குப் புத்தகத்தில் எப்போதோ பெயர் ஏறிவிட்டது, ஆனால் அந்த இனத்தில் ஆணை மட்டும் இதுவரை யாரும் பார்த்ததில்லை. டாக்டர் பதினோரு வருஷமாகத் தேடுகிறார். இன்னொருவன் மீசைக்காரன். இந்த வருஷத்து மணலில்தான் கிடைத்தான். முதுகு வேறு, வால் வேறு, கண் வேறு, உடம்பளவு மீசை. ஆணேதான், ஆனால் இவன் இனத்தில் ஒரு பெண்ணும் இல்லை. டாக்டர் குதித்தார், "புது இனம்! புது இனம்! இனி இவனுக்குப் பொண்ணு தேடணும்!" என்றார். ஒருத்திக்கு மாப்பிள்ளையும் ஒருத்தனுக்குப் பெண்ணும் ஒரே மனுஷர் தேடிக்கொண்டிருந்தார் சித்தப்பா, இரண்டு பேரும் ஒரே அலமாரியில் பக்கத்துப் பக்கத்துக் குப்பியில்!

அதோடு விட்டாரா? "இத முதல்ல பொறுக்குனது யாரு?" என்று கேட்டார். அக்கா என்னைக் கை காட்டினாள். "அப்போ இவ பேரையே வச்சிருவோம்" என்றார். நான் குப்பி காயவைக்கிற தட்டிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். அந்த அசட்டுத்தனத்தில்தான் போன மாதம் உங்களுக்கு எழுதித் தொலைத்தேன். நீங்கள் என்ன செய்தீர்கள்? தையல் கடைக்கு அளவு கொடுக்க வந்தவர்களிடமெல்லாம், "எங்க அண்ணன் பொண்ணு பேருல கடல்ல ஒரு ஜீவன் ஓடுது" என்று தம்பட்டம் அடித்தீர்களாம். ஒருவர், "அதச் சாப்பிடலாமா?" என்று கேட்டாராம். அம்மா எல்லாவற்றையும் எழுதியிருக்கிறாள்.

இன்று காலையில் என்ன நடந்தது என்று கேளுங்கள். தட்டில் அந்த ஜோடியைப் பார்த்ததும் பழக்கத்தில் இடுக்கியை நீட்டினேன். எங்கள் மேசைக்கு மேலே சுவரில் "ஒட்டியிருந்தால் பிரித்துப் போடவும்" என்று எழுதி ஒட்டியிருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த அன்றே அக்காவும் சொல்லியிருந்தாள்: "சாகறப்ப ஒன்னோட ஒன்னு சிக்கிக்கும். பிரிச்சு இத இந்தக் குப்பியில போடு, அத அந்தக் குப்பியில போடு. கலந்துச்சுன்னா டாக்டர் கூரை பறக்கக் கத்துவாரு." நானும் இத்தனை மாதமாகப் பிரித்துக்கொண்டே இருந்தேன். இன்றைக்குத்தான் உறைத்தது. நான் பிரித்ததெல்லாம் ஒரு மீசை, ஒரு பை. இரண்டு மீசை ஒட்டி நான் பார்த்ததே இல்லை. இரண்டு பை ஒட்டியும் பார்த்ததில்லை. அந்தத் தட்டிலேயே தேடினேன், இன்னும் இரண்டு ஜோடி, அதே பிடி. அவர்கள் இரண்டு இனமே இல்லை, புருஷன் பெண்டாட்டி! அவர் பதினோரு வருஷம் தேடிய மாப்பிள்ளை அவன்தான். வந்து சேர்ந்தவனை நான்தான் இடுக்கியால் பிய்த்துப் பிய்த்து வேறு வீட்டில் விட்டிருக்கிறேன். அதற்குப் பரிசாக அவனுக்கு என் பெயர்!

அக்காவிடம் சொல்லிவிடலாம் என்று போனேன்.

"அக்கா, இது ரெண்டும்..."

"ரெண்டும்?"

"ரெண்டும் வந்து..."

"சொல்லித் தொலையேன்டி."

"தண்ணி குடிச்சிட்டு வரேன்க்கா."

குடித்தேன். திரும்பிப் போனேன். அவள் படத்தில் மீசைக்கு மை ஏற்றிக்கொண்டிருந்தாள். "ஏன்டி பேயறஞ்ச மாதிரி இருக்கே? உம் பேரு அச்சுல வரப்போற பயமா? திங்கக்கிழமை புது இனத்தப் பத்தின கட்டுரை பத்திரிகைக்குப் போயிரும். ரிட்டயர் ஆகறதுக்குள்ள புதுசா ஒன்னாவது கண்டுபுடிக்கணும்னு மனுஷன் கடல்லயே கெடந்தாருடி. நேத்து விசிலடிச்சாரு தெரியுமா? பதினோரு வருஷத்துல நான் கேட்டதே இல்ல."

இதைக் கேட்ட பிறகு எந்த வாயால் சொல்வது? சொன்னால் அவருடைய புது இனம் போச்சு, என் வேலை போச்சு, கடையில் உங்கள் மானமும் போச்சு. ஒன்பதாவதைக்கூட முடிக்காதவள் டாக்டருக்குத் தப்புக் கண்டுபிடித்தாள் என்று சிரிப்பார்கள். சொல்லாவிட்டால் உலகத்தில் உள்ள கடல் டாக்டர்கள் எல்லோரும் ஒரு பொய்யை என் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். என் பெயரை யாராவது கூப்பிட்டாலே எனக்கு என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும்.

அதனால் நன்றாக யோசித்து ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். யாரிடமும் மூச்சு விடப் போவதில்லை. இந்த மூன்று ஜோடியையும் சாப்பாட்டு நேரம் முடிவதற்குள் பிரித்துப் போட்டுவிடுவேன். நீங்கள் சனிக்கிழமை இங்கே ஃபோன் செய்து, அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, பெண்ணை உடனே அனுப்புங்கள் என்று அழுகிற குரலில் சொல்ல வேண்டும். கடையில் பொத்தான் துளைக்குக் காஜா எடுக்கிற வேலை கொடுத்தால் போதும், திரைக்குப் பின்னாலேயே உட்கார்ந்துகொள்கிறேன். கடிதத்தைப் படித்ததும் கிழித்துவிடுங்கள். சித்திக்குக்கூடக் காட்ட வேண்டாம்.

எல்லோருக்கும் என் அன்பைச் சொல்லுங்கள். உங்கள் கையும் கத்தரிக்கோலும் நன்றாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் அண்ணன் மகள்

பி.கு.: மேலே எழுதியதில் எதையும் செய்ய வேண்டாம் சித்தப்பா. ஃபோனும் வேண்டாம், அழுகையும் வேண்டாம். கடிதத்தை மடித்து உறையில் வைத்துவிட்டு இடுக்கியை எடுத்தேன். அவன் பிடியைப் பார்த்த பிறகு பிரிக்கக் கை வரவில்லை. டாக்டர் அறைக்குப் போய் வாயைத் திறந்தேன், காற்றுதான் வந்தது. "என்னம்மா?" என்றார். வேறு வழி தெரியாமல் இந்தக் கடிதத்தையே அவர் மேசையில் வைத்துவிட்டேன். நின்றபடியே முழுவதும் படித்தார். "கூரை பறக்க" என்ற இடத்தில் மட்டும் நிமிர்ந்து பார்த்தார். கடைசிப் பக்கம் முடிந்ததும் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"எத்தன ஜோடியப் பிரிச்சே?"

"இன்னைக்கு வந்த மூணத் தவிர எல்லாத்தையும் டாக்டர்."

நான்தான் சொன்னேன், சத்தமாகவே சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்ததையே திரும்பத் துடைத்தார். "பதினோரு வருஷம் இல்லாத மாப்பிள்ள..." என்று ஆரம்பித்தார், முடிக்கவில்லை. அழுகிறாரா சிரிக்கிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. பிறகு, "மிச்சமுள்ளத எங்க வச்சிருக்கே?" என்றார்.

தட்டைக் கொண்டு வந்து, விளக்கைப் போட்டு, நுண்ணோக்கியை அவர் கண்ணுக்குச் சரியாக இறக்கி வைத்தேன்.