எதுக்கக்காவின் தேதியில்லாத காசு

திண்டுக்கல்லில் ஒரே ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு இத்தனை பேரைச் சேமிக்க வைத்தவர் எதுக்கக்காவைத் தவிர வேறு யாரும் இருக்க முடியாது. தபால் அலுவலகத்தில் மாதாமாதம் பணம் கட்டும் ஆர்.டி. கணக்குக்கு அவர் ஏஜெண்டு. கடை கடையாக ஸ்கூட்டியில் வந்து வசூல் செய்து கொண்டுபோய்க் கட்டுவார். மற்ற ஏஜெண்டுகள் "எவ்வளவு?" என்று கேட்பார்கள். இவர் "எதுக்கு?" என்று கேட்பார். பதில் சரியில்லை என்றால் பணத்தை வாங்க மாட்டார். நீட்டிய பணத்தைத் திருப்பிக் கொடுத்த ஏஜெண்டை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை.

சொன்ன பதிலைப் பாஸ்புக் அட்டையில் பச்சை மையில் எழுதிவிடுவார். அன்றோடு நம் சொந்தப் பெயர் போய்விடும். பஸ் ஸ்டாண்டில் வண்டியை நிறுத்தி, "கெணத்து மோட்டாரு, இந்த மாசம் ஆளையே காணோம்?" என்பார். குஜிலியம்பாறை பஸ்ஸில் ஏறிக்கொண்டிருக்கும் ஒரு மனிதர் படியிலேயே நின்று பையைத் துழாவுவார். ஒருவர் மனைவிக்குத் தெரியாமல் புல்லட் வாங்கச் சேர்த்துக்கொண்டிருந்தார். அக்கா அவர் வீட்டு வாசலில் போய் நின்று, "புல்லட்டு இருக்காரா?" என்று அந்த அம்மாவிடமே கேட்டார். அடுத்த மாதம் அந்த அட்டையில் புல்லட்டை அடித்துவிட்டு 'வளையல்' என்று எழுதியிருந்தது.

என் பெயர் நர்சிங். பஸ் ஸ்டாண்டுக்கு அருகில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். மகள் எட்டாவது படிக்கும்போது கணக்குத் தொடங்கினேன். அவள் பிளஸ் டூ முடிக்கும் வருடம் ஜூன் மாதம் பணம் கைக்கு வரும், அதை வைத்து நர்சிங் சேர்க்க வேண்டும். எனக்கு அவ்வளவாகப் பேச வராது. அக்கா வந்தால் பணத்தை நீட்டுவேன், வாங்கிக்கொள்வார். நான்கு வருடத்துக்கு மேல் எங்கள் பேச்சு இவ்வளவுதான்.

ஜெராக்ஸ் கடைக்காரனுக்கு ஊர் ரகசியம் எல்லாம் தெரியும் என்பார்கள். நான் எதையும் படிப்பதில்லை. ஆனால் அசல் தாளை மிஷின் மூடிக்குள்ளேயே மறந்துவிட்டு, நகலை மட்டும் எடுத்துக்கொண்டு போகிறவர்களை நான் என்ன செய்ய முடியும்? ஒருநாள் எதுக்கக்கா அப்படிப் போய்விட்டார். அடுத்து வந்தவர் பல்செட்டு. ரிட்டயர்டு கண்டக்டர், ஐந்து வருடம் கழித்துக் கடிப்பதற்காக அப்போதே பணம் கட்டத் தொடங்கியவர். பென்ஷன் தாளை வைக்க மூடியைத் தூக்கினார். உள்ளே இருந்ததை எடுத்துக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். நான் தடுத்திருக்க வேண்டும். என்ன சொல்லித் தடுப்பது என்று யோசித்து முடிப்பதற்குள் அவர் படித்து முடித்துவிட்டார்.

அது ஷேர் மார்க்கெட் கணக்கு விவரம். எதுக்கக்காவின் பெயரில்.

சாயங்காலத்துக்குள் பஸ் ஸ்டாண்டு முழுக்கத் தெரிந்துவிட்டது. ஊருக்கெல்லாம் தபால் அலுவலகத்தைக் காட்டிவிட்டு அக்கா தனியாக ஷேரில் கொழிக்கிறார் என்று ஆளாளுக்குப் பேசினார்கள். அகரத்தில் தோட்டமே வாங்கிவிட்டார் என்றுகூட ஒரு பேச்சு வந்தது. மறுநாள் தாளைத் தேடி அக்கா என் கடைக்கு வந்தபோது ஏழெட்டுப் பேர் காத்திருந்தார்கள். ஒருவர் கையிலும் ஜெராக்ஸ் எடுக்கத் தாள் இல்லை.

"எங்களுக்கு மட்டும் தபாலாபீசு, ஒனக்கு ஷேரா ஆத்தா?" என்றார் பல்செட்டு.

அக்கா தாளை மடித்துப் பையில் வைத்தார். "என் கமிஷன் காசு. அதுல ஒங்க காசு ஒத்த ரூவா இருந்தா கேளுங்க."

"அப்ப எங்களுக்கும் வழி சொல்லு. நாங்களும் போடுறோம்ல."

"ஒனக்குப் பல்லு எப்ப வேணும்?"

"வர்ற சித்திரையில."

"அது தேதி உள்ள காசு. தபாலாபீசுலயே கெடக்கட்டும். நான் போட்டது தேதியில்லாத காசு. அது ஏறுனாலும் எறங்குனாலும் எனக்கு ஒண்ணும் அவசரமில்ல."

பல்செட்டு கேட்கவில்லை. கணக்கை முடித்துப் பணத்தை எடுத்து, அண்ணன் மகன் போன் வழியாக ஷேரில் போட்டார். தினமும் என் கடைக்கு வந்து போனைக் காட்டுவார். எல்லாம் பச்சையாக இருக்கும். "இன்னைக்கு ஒரு பல்லு கூடிருச்சு அப்பு," என்பார்.

எனக்கும் ஆசை வந்தது. காலேஜில் விசாரித்ததில், மகள் எட்டாவது படிக்கும்போது நான் போட்ட கணக்குக்கும் இப்போது கேட்கும் பீஸுக்கும் நடுவில் கொஞ்சம் பள்ளம் விழுந்திருந்தது. ஆர்.டி.யை முடித்து ஷேரில் போட்டால் ஜூனுக்குள் பள்ளம் நிரம்பிவிடாதா? என்ன பேசுவது என்று இரண்டு நாள் ஒத்திகை பார்த்துவிட்டு அக்கா வீட்டுக்குப் போனேன். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. உள்ளே போய்க் கணக்கு முடிக்கும் ஃபாரத்தை எடுத்துவந்து என் கையில் கொடுத்தார்.

"பாப்பாகிட்டச் சொல்லிட்டுக் கையெழுத்துப் போட்டுக் கொண்டா. காசு அவளுது. பல்லு அந்தாளோடது, அதனால அவரை யாரையும் கேக்கச் சொல்லல."

ஃபாரத்தோடு வீட்டுக்குப் போனேன். மகள் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து எலும்புகளின் பெயரைச் சத்தமாக மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள். ஒவ்வொரு பெயருக்கும் தன் கையை, முழங்காலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். நிமிர்ந்து, "என்னப்பா அது?" என்றாள்.

"ஒண்ணுமில்ல. கரண்ட் பில்லு."

மறுநாள் ஃபாரத்தை எழுதாமலே திருப்பிக் கொடுத்தேன். அக்கா எதுக்கு என்று கேட்கவில்லை. அவர் அந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்டதை அன்றுதான் பார்த்தேன். பள்ளத்தை நிரப்ப, ராத்திரி ஒரு மணி நேரம் கூடுதலாகக் கடையைத் திறந்து வைத்தேன்.

சித்திரை நெருங்கும்போது மார்க்கெட் சரிந்தது. பல்செட்டின் போன் சிவப்பாகிவிட்டது. பொறுத்திருக்கலாம்தான். ஆனால் பல் டாக்டர் அளவெடுத்துவிட்டார். பேத்திக்கு அடுத்த வாரம் கல்யாணம், பந்தியில் உட்கார வேண்டும். வந்த விலைக்கு விற்றார். மேல் வரிசைக்கு மட்டும்தான் பணம் தேறியது. கல்யாணத்தில் அவர் நன்றாகச் சிரித்தார், பாயசம் குடித்தார்.

எனக்கு ஒன்று மட்டும் தெரிந்தாக வேண்டியிருந்தது. அடுத்த முறை அக்கா வந்தபோது, நானாக வாயைத் திறந்து கேட்டேன். "ஒங்களுக்கும் எறங்கிருக்குமேக்கா?"

"எறங்குச்சு. மூணுல ஒரு பங்கு காணோம்."

"பொறவு எதுக்கு அதுல போட்டீங்க?"

அவரிடம் யாரும் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை போலிருக்கிறது. ஸ்கூட்டியில் சாய்ந்துகொண்டார். "எல்லாரும் ஷேரு நல்லதா, ஷேரு நல்லதான்னு என்னையத்தான் கேக்குறாங்க. நானும் வேணாம் வேணாங்கிறேன். எனக்கே அது என்னன்னு தெரியாது. தெரியாம எப்படி வேணாம்னு சொல்லிக்கிட்டே இருக்கறது? அதான் என் காசைப் போட்டுப் பாத்தேன்."

"இப்பத் தெரிஞ்சுச்சா?"

"எறங்குறப்ப எப்படி இருக்கும்னு தெரிஞ்சுச்சு. ஏறுறதுக்கு இன்னும் காத்துக்கிட்டு இருக்கேன்."

ஏறியது, ஒரு வருடம் போல ஆனது. பல்செட்டு அந்தச் செய்தியை என் கடையில்தான் கேட்டார். மேல் பல்லைக் கடிக்கக் கீழ்ப் பல் இல்லாததால் உதட்டைக் கடித்துக்கொண்டார்.

அதற்கு முன்பே, சொன்ன ஜூனில், சொன்ன பணம் வந்தது. தபால் அலுவலகத்தில் மகளையும் கூட்டிவரச் சொல்லியிருந்தார் அக்கா. பாஸ்புக்கை அவள் கையில் கொடுத்து ஜன்னலில் நீட்டச் சொன்னார். நான் பின்னால் நின்றேன். நன்றி சொல்ல வாய் வரை வந்தது. அதற்குள் அக்கா வேறு யாரையோ 'கண் ஆபரேசன்' என்று கூப்பிட்டுக்கொண்டு போய்விட்டார். மகள் இப்போது மதுரையில் இரண்டாம் வருடம் படிக்கிறாள்.

அன்றிலிருந்து அக்காவின் தாள்களுக்கு நான் காசு வாங்குவதில்லை. அவரும் விடுவதில்லை. வேண்டாம் என்று நான் நாணயத்தைத் தள்ள, அவர் திரும்ப வைக்க, தெரு திரும்பிப் பார்க்கும் அளவுக்கு மாதாமாதம் சண்டை நடக்கிறது. வாழ்க்கையில் நான் சத்தம் போட்டுப் பேசுவது அவர் ஒருவரிடம் மட்டும்தான். இந்த மாதம் இன்னும் அவர் வரவில்லை. ஒவ்வொரு ஸ்கூட்டி சத்தத்துக்கும் மிஷினை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.