வெயிலில் காய்ந்த சாயிப்பு

தீர்ந்துபோன பேட்டரியை வெயிலில் காயப் போட்டால் அதற்கு மறுபடியும் உயிர் வரும் என்று நம்பியவன் நான். அந்தக் காலத்தில் பாதி ஊர் அப்படித்தான் நம்பியது, அதனால் இதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. ஆனால் அந்த நம்பிக்கையால் பெற்ற மகளின் எல்.கே.ஜி. அட்மிஷனை அந்தரத்தில் தொங்கவிட்ட தகப்பன் என்று பார்த்தால், திருவனந்தபுரத்தில் என்னைத் தவிர வேறு ஆள் இருக்க வாய்ப்பில்லை.

தொண்ணூறுகளின் கடைசி. தம்பானூரில் ஒரு மருந்து மொத்த வியாபாரக் கடையில் எனக்குக் குமாஸ்தா வேலை. சொந்த ஊர் நாகர்கோவில் பக்கம், கட்டிக்கொண்டது கரமனையில். மனைவி செண்பகம் அங்கேயே பிறந்து வளர்ந்தவள். மகள் கோமதிக்கு அப்போது நாலு வயது முடியப் போகிறது.

எனக்கு ஒரு குறை உண்டு, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இங்கிலீஷ் எழுதுவேன், படித்தால் புரியும், வாயைத் திறந்தால் மட்டும் வராது. தமிழ் மீடியத்தில் படித்தவன். பம்பாயிலிருந்து கம்பெனிக்காரன் போன் செய்தால் கழிவறைக்குப் போய்விடுவேன். (ஒரு நாளைக்கு நாலு போன் வந்தால் நாலு தடவை. முதலாளி என் வயிற்றைப் பற்றி நிஜமாகவே கவலைப்பட்டார்.) கோமு இப்படி ஓடி ஒளியக் கூடாது, நாலு பேர் நடுவில் சத்தமாக வாசிக்க வேண்டும். அது ஒன்றுதான் என் ஆசை. அதற்கென்றே ஊரில் பேர்பெற்ற ஒரு கான்வென்டில் விண்ணப்பம் போட்டிருந்தேன். அங்கே எல்.கே.ஜி.க்கே இன்டர்வியூ. பிள்ளை சின்னச் சின்ன வார்த்தைகளாவது வாசித்தால்தான் இடம் என்று பேச்சு.

அப்போதுதான் கடையில் என் பக்கத்து மேசை சுகுமாரன், "சாறே, என் மச்சினன் மஸ்கட்டில் இருந்து ஒரு காசெட் அனுப்பினான். பையன் மூணு மாசத்துல வாசிக்கத் தொடங்கிட்டான்" என்றான். ஒரு காசெட், கூடவே படம் போட்ட புத்தகம், இரண்டையும் அவனிடம் இரவல் வாங்கிக்கொண்டேன். ஃபோனிக்ஸ் என்று பெயர். பி, இ, என் என்று எழுத்தின் பெயரைச் சொல்லி உருப்போடக் கூடாது. எழுத்தின் சத்தத்தைச் சொல்ல வேண்டும். ப், எ, ன், சேர்த்தால் பென்.

செண்பகத்திடம் இதைப் பெரிய கண்டுபிடிப்பு மாதிரி விளக்கினேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள். "நம்ம தமிழை அப்படித்தானே படிச்சோம். இதுக்கு எதுக்கு மஸ்கட்டு வரைக்கும் போகணும்?"

"அது வெள்ளைக்காரன் உச்சரிப்புலே வருமாக்கும்" என்றேன்.

எங்கள் வீட்டு டேப் ரெக்கார்டரின் வயரை எலி கடித்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. அதனால் பேட்டரியில்தான் ஓடும், தடித்தடியாய் நாலு பேட்டரி. பாட நேரமும் தானாக அமைந்தது. அந்த நாளில் கேரளம் முழுக்க சாயங்காலம் அரை மணி நேரம் கரண்டை நிறுத்துவார்கள், எங்கள் தெருவுக்கு ஏழு மணி முதல் ஏழரை. டி.வி. கிடையாது, சீரியல் கிடையாது, அடுத்த தெருவிலிருந்து இருட்டில் வர முடியாததால் மாமியாரின் தலையீடும் கிடையாது. மெழுகுவர்த்தி ஒன்று, நடுவில் டேப் ரெக்கார்டர், இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் கோமு.

உள்ளே கிடந்த பழைய பேட்டரி முதல் நாளே சோர்ந்துதான் இருந்தது. புதுசு வாங்கியிருக்கலாம். நான்தான் விஞ்ஞானி ஆயிற்றே. காலையில் கழற்றிப் பின்கட்டுச் சுவர்மேல், செண்பகம் காயப் போட்டிருந்த கொண்டாட்டம் என்று அங்கே சொல்கிற மோர் மிளகாய்க்குப் பக்கத்தில் வரிசையாக அடுக்கிவிட்டு வேலைக்குப் போவேன். சாயங்காலம் எடுத்து, பல்லால் ஒரு கடி கடித்து, திரும்பப் போட்டால் ஓடும். ஓடும் என்றால், ஒரு மாதிரியாக ஓடும்.

"புதுசு நாலு வாங்கினா என்ன, குடியா முழுகிப்போகும்?" என்று செண்பகம் கேட்டாள்.

"ஓடுற பேட்டரியை எதுக்குத் தூக்கிப் போடணும்?"

காசெட்டிலிருந்து ஒரு குரல் வரும். கனமான ஆண் குரல். கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது மாதிரி இருக்கும். "ப்ப்ப்... எ...எ...எ... ன்ன்ன்..." ஒரு வார்த்தை முடிவதற்குள் கோமு ஒரு முறுக்கைத் தின்று முடித்துவிடுவாள். நான் அதைக் கேட்டு மெய்சிலிர்த்துப் போனேன். ஆகா, என்ன நிதானம், என்ன அழுத்தம். நம் ஆட்கள்தான் இங்கிலீஷை வாரி இறைக்கிறோம், உண்மையான சாயிப்பு இப்படித்தான் பேசுவான் போலிருக்கிறது என்று முடிவு கட்டிவிட்டேன். (வெள்ளைக்காரனுக்குத் திருவனந்தபுரத்தில் சாயிப்பு என்று பெயர்.) கோமு அவருக்குச் சாயிப்பு மாமா என்று பேர் வைத்துவிட்டாள். கரண்ட் போனதும், "சாயிப்பு மாமா வரட்டும்" என்று தானே வந்து சம்மணம் போட்டு உட்காருவாள். பாதியில் குரல் இழுத்து இழுத்து நின்றுபோனால், "பாவம், களைச்சுப் போயிட்டார்" என்று டேப் ரெக்கார்டரைத் தடவிக் கொடுப்பாள்.

நானும் சும்மா இருக்கவில்லை. கோமுவோடு சேர்ந்து நானும் படித்தேன். முப்பத்தாறு வயதில் எனக்கு இங்கிலீஷ் உச்சரிப்பு கைவந்துவிட்டதாக நினைத்து, ஒரு நாள் பம்பாய் போனை நானே எடுத்து, தாடையை நெஞ்சில் புதைத்துக்கொண்டு, "ய்யெ...எ...எஸ்ஸ்..." என்றேன். எதிர்முனையில் போனை வைத்துவிட்டார்கள். சுகுமாரன் தலையைத் தூக்கி, "எந்தா சாறே, ஜலதோஷமாணோ?" என்றான். பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்று மாதத்தில் கோமு நிஜமாகவே வாசித்தாள். புத்தகத்தைத் திறந்து, தாடையை நெஞ்சில் புதைத்து, மாமாவின் குரலில், மாமாவின் வேகத்தில் வாசிப்பாள். எங்களுக்கு அது பழகிவிட்டது. பெருமையாகக்கூட இருந்தது.

இன்டர்வியூ நாள். கோமுவுக்கு மஞ்சள் கவுன், செண்பகத்துக்குக் கல்யாணப் பட்டு, எனக்கு இரவல் ஷூ. பிரின்சிபால் சிஸ்டர் அறுபது வயதுக்காரர், கெட்டிக் கண்ணாடி, குறைந்த பேச்சு. மேசைமேல் அட்டைகள். ஒன்றை எடுத்துக் காட்டினார்.

"மோளே, இது வாயிச்சே." வாசி என்கிறார்.

கோமு அட்டையைப் பார்த்தாள். தாடை இறங்கி நெஞ்சில் ஒட்டியது. புருவம் சேர்ந்தது. அந்த மஞ்சள் கவுனுக்குள்ளிருந்து, லாரி மேட்டில் ஏறுகிற மாதிரி ஒரு சத்தம் கிளம்பியது. "ப்ப்ப்... எ...எ...எ...எ..." சிஸ்டர் கையிலிருந்த பேனா மேசைமேல் உருண்டது. "...ன்ன்ன்."

கதவோரம் நின்ற ஆயா நெற்றியிலும் மார்பிலும் சிலுவை போட்டுக்கொண்டாள்.

"தொண்ட வேதனயுண்டோ?" என்றார் சிஸ்டர். தொண்டை வலிக்கிறதா என்று கேட்கிறார்.

"இல்லையே" என்றாள் கோமு, தன் சொந்தக் கீச்சுக் குரலில்.

சிஸ்டர் இன்னொரு அட்டையைக் காட்டினார். மறுபடியும் லாரி மேடேறியது. சிஸ்டர் அட்டையைக் கவிழ்த்து வைத்துவிட்டு மெல்லக் கேட்டார்.

"ஆரா மோளே படிப்பிச்சது?"

"சாயிப்பு மாமா."

"எந்தச் சாயிப்பு?"

"எங்க வீட்டுச் சாயிப்பு. கரண்ட் போனா வருவார். பேசிப் பேசி அப்படியே நின்னு போவார். அப்புறம் அப்பா அவரைச் சுவர்மேல வெயில்ல காயப் போடுவாங்க. மிளகாய்க்குப் பக்கத்துல."

சிஸ்டர் என்னைப் பார்த்தார். செண்பகமும் என்னைப் பார்த்தாள், அதுதான் கொடுமை. விளக்க வேண்டியது என் கடமை. ஒரு வாரமாக நான் உருப்போட்டு வைத்திருந்த இங்கிலீஷ் வாக்கியங்கள் எல்லாம் எங்கே போயினவோ தெரியவில்லை. வாயில் வந்தது ஒன்றே ஒன்று. அவர் பெட்டிக்குள் இருக்கிறார் என்று இங்கிலீஷில் சொன்னேன். அதுவும், பழக்க தோஷம், சாயிப்பு மாமாவின் குரலில்.

ஆயா வெளியே போய்விட்டாள்.

செண்பகம்தான் மலையாளத்தில் காசெட், டேப் ரெக்கார்டர், பேட்டரி, எலி என்று ஒன்று விடாமல் சொல்லி முடித்தாள். சிஸ்டர் முகத்தில் எதுவும் தெரியவில்லை. நாளைக் காலையில் அந்தக் காசெட்டோடு வாருங்கள், குழந்தை நான் எழுதிக் காட்டுவதை வாசித்தால் பார்க்கலாம், இல்லாவிட்டால் அடுத்த வருஷம் என்றார்.

பஸ்ஸில் கரமனை வந்தோம். இறங்கியதும் செண்பகம், "நாலு பேட்டரி" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அதற்கு மேல் சொல்ல என்ன இருக்கிறது?

மறுநாள். ஆண்டுவிழா டான்சுக்கு வைத்திருந்த பெரிய டேப் ரெக்கார்டரைச் சிஸ்டர் வரவழைத்து, வயரைச் சொருகி, காசெட்டைப் போட்டார். சுறுசுறுப்பாக ஒரு இளம் பெண் குரல் துள்ளிக்கொண்டு வந்தது. ப், எ, ன், பென், ஹ், எ, ன், ஹென் என்று குருவி மாதிரி கத்திக்கொண்டு போனாள்.

பெண். மூன்று மாதமாக நான் குருவாக நினைத்த அந்தக் கம்பீரமான சாயிப்பு ஒரு பெண். பேட்டரி சோர்ந்து டேப் மெதுவாக ஓடியதில் அவள் குரல் தடித்து ஆண் குரலாகிவிட்டிருக்கிறது. பம்பாய்க்காரன் ஏன் போனை வைத்தான் என்பது எனக்கு அந்த நிமிஷம்தான் விளங்கியது.

என் அதிர்ச்சி கிடக்கட்டும். கோமுவின் முகம் கோணியது. "இது யாரு? சாயிப்பு மாமா எங்கே?" என்றாள். கண்ணில் தண்ணீர் கோத்தது. சிஸ்டர் காசெட்டை நிறுத்தி, சிலேட்டில் மூன்று எழுத்து எழுதி அவள் முன்னால் வைத்தார். புத்தகத்தில் இல்லாத வார்த்தை. கோமு பார்க்கவே இல்லை. செண்பகம் கொஞ்சினாள், மிட்டாய் காட்டினாள். பிள்ளை வாயைப் பூட்டிவிட்டது. சிஸ்டர் கடிகாரத்தைப் பார்த்தார். வெளியே அடுத்த பிள்ளையும் அதன் பெற்றோரும் காத்திருந்தார்கள்.

கழிவறை எந்தப் பக்கம் என்றுகூட என் கண் தேடியது, பொய் சொல்லவில்லை. நாலு பேர் நடுவில் வாசிக்க வேண்டும் என்று நான் ஆசைப்பட்ட பிள்ளை, என்னைப் போலவே வாயடைத்து உட்கார்ந்திருக்கிறது. அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

நாற்காலியிலிருந்து எழுந்து தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். சிலேட்டை மடியில் வைத்துக்கொண்டேன். தாடையை நெஞ்சில் புதைத்தேன். பிரின்சிபால், எட்டிப் பார்த்த ஆயா, திறந்திருந்த கதவு வழியாக அடுத்த பிள்ளையின் பெற்றோர், இத்தனை பேர் முன்னிலையில், என் வாழ்க்கையிலேயே முதல் தடவையாக இங்கிலீஷைச் சத்தமாக வாசித்தேன்.

"ம்ம்ம்ம்..."

கோமு திரும்பினாள். என் வாயை உற்றுப் பார்த்தாள்.

"மாமா?" என்றாள்.

"ம்ம்ம்ம்..." என்றேன், பேட்டரி தீர்கிற மாதிரி இழுத்து, பாதியில் நிறுத்தினேன்.

அவள் என் கன்னத்தைத் தடவிக் கொடுத்தாள். பாவம், மாமா களைத்துப் போய்விட்டார். மிச்சத்தை அவளே பார்த்துக்கொண்டாள். "அ...அ...அ... க்க்க். மக்."

சிஸ்டர் இன்னொரு வார்த்தை எழுதினார். வாசித்தாள். இன்னும் ஒன்று. வாசித்தாள். ஒரு எழுத்தைக்கூட விழுங்கவில்லை. சிஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சிரிப்பை அடக்க அப்படிச் செய்தார் என்று செண்பகம் சொல்கிறாள். பிறகு படிவத்தில் கையெழுத்துப் போட்டு என்னிடம் நீட்டினார்.

"அட்மிஷன் தந்நு. பக்ஷே அச்சன் இனி இவிடெ சம்சாரிக்கண்டா."

இடம் கொடுத்தாயிற்று, ஆனால் அப்பா இனிமேல் இங்கே பேச வேண்டாம். அந்த நிபந்தனையைப் பன்னிரண்டு வருஷமும் மீறாமல் காப்பாற்றினேன். பள்ளிக்கூடத்துக் கூட்டம் எல்லாவற்றுக்கும் செண்பகம்தான் போவாள்.

கோமுவின் குரல் ஒரு மாதத்தில் சரியாகிவிட்டது. அவளுடைய சாயிப்பு மாமா நான்தான் என்பது மட்டும் வீட்டில் நிலைத்துவிட்டது. மேடை மேடையாக ஏறிப் பேசினாள். இன்றைக்குப் பெங்களூரில் பெரிய வேலை. அவள் மகனுக்கு இப்போது நாலு வயது. போனிலேயே ஃபோனிக்ஸ் சொல்லிக் கொடுக்கிறார்கள், அந்தக் குருவி மாதிரியே ஒரு பெண் குரல். பயலுக்கு அது பிடிக்கவில்லையாம். அதனால் தினம் ஏழு மணிக்கு எனக்கு போன் வரும். "அப்பா, சாயிப்பு மாமாவைக் கூப்பிடுங்க" என்பாள் கோமு.

நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, தாடையை நெஞ்சில் புதைத்து ஆரம்பிப்பேன். அந்தப் பக்கம் பேரன் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, அதே குரலில் திருப்பி வாசிப்பான். வயதாகிவிட்டது, முன்பு மாதிரி மூச்சு தாங்குவதில்லை. நாலைந்து வார்த்தைக்குள் இருமல் வந்து, இழுத்து இழுத்துக் குரல் நின்றுவிடும்.

சமையல்கட்டிலிருந்து செண்பகம் எட்டிப் பார்ப்பாள். "மதி, மதி, போதும். நாளைக்குக் காலையில சுவர்மேல ஏறி உக்காருங்க, கேட்டோ. மிளகாயும் காயப் போடணும்."