எல்லாரும் திருத்திய கல்யாணப் பத்திரிகை

சின்னமனூர்
வியாழன்

அக்கா மகன் சூரியபிரகாஷுக்கு மாமன் சுயம்புலிங்கம் எழுதிக்கொள்வது. இங்கு நானும் உன் அத்தையும் உடம்புக்கு நலம், மனசுக்கு நலமில்லை. கோயம்புத்தூரில் நீயும் அக்காவும் சுகமாக இருக்க சுருளி வேலப்பரை வேண்டுகிறேன்.

நிற்க. பொங்கலுக்கு வந்தபோது, “கடைக் கம்ப்யூட்டர்ல இருக்கிறத வீட்ல இருந்தே பாக்கலாம் மாமா” என்று ஒரு ஃபோல்டரை ஷேர் பண்ணிக் கொடுத்துவிட்டுப் போனாய். நல்ல காரியம்தான். உரக்கடை பில்லோடு பில்லாக மகள் வேல்விழி கல்யாணப் பத்திரிகையையும் அதிலேயே அடித்து வைத்தேன். மறுநாள் திறந்தால் தாய்மாமன் அம்மாவாசி பேருக்கு மேலே என் தம்பி தங்கப்பாண்டியன் பேர் ஏறி உட்கார்ந்திருக்கிறது. நான்தான் மாற்றி அடித்துவிட்டேன் போல என்று இறக்கினேன். மத்தியானம் பார்த்தால் மறுபடி மேலே, கூடவே ‘முன்னாள் கவுன்சிலர்’ என்று ஒரு பட்டம். சாயங்காலம் அம்மாவாசி மேலே, அவனுக்குப் பின்னால் சகலை, சகலையின் சம்பந்தி என்று ஒரு வேன் ஆள். கடை பூட்டியிருக்கு, சாவி என் இடுப்புல கிடக்கு, உள்ள போயி யாரு அடிக்கிறா? கரண்டு ஏறி இறங்குனா எழுத்தும் ஏறி இறங்குமான்னு உன் அத்தை கேக்குறா. மானிட்டர்ல எலுமிச்சம்பழம் கட்டியும் பாத்தாச்சு.

உனக்குப் போன் போட்டால், “எல்லாருக்கும் ஃபுல் பெர்மிஷன் விழுந்திருச்சு மாமா, நம்ம வைஃபைல இருக்கிற யாரும் திருத்தலாம்” என்கிறாய். மாடியில் இருக்கும் தம்பிக்கும் பக்கத்து வீட்டு மச்சினன் அம்மாவாசிக்கும் வைஃபை பாஸ்வேர்டைக் கொடுத்ததே நான்தான். தம்பியைக் கேட்டால், “எழுத்துப்பிழை பாத்தேண்ணே” என்கிறான். அம்மாவாசி, “தாய்மாமன் பேரு கீழ கிடந்தா சீர்த்தட்ட எவன் தூக்குவான் மச்சான்?” என்கிறான். ரெண்டு பேரும் கோவிச்சுக்கிட்டு வரலைன்னா மண்டபத்துல நான் எந்த மூஞ்சியோட நிப்பேன்? ஆண்டிபட்டிச் சம்பந்தி வீட்லயோ பத்திரிகை எங்கன்னு தினமும் கேக்குறாக. பயமா இருக்கு மருமகனே.

இன்றைக்கு ரெண்டு பேரையும் பக்கத்தில் உட்காரவைத்து, ரெண்டு பேரையும் ஒரே வரியில் போட்டு, நம் ஆட்கள் பேரையெல்லாம் விரல் வைத்துப் படித்தாச்சு. இனி ஒரு எழுத்து மாறக்கூடாது. அங்கன இருந்தே ஃபோல்டரைப் பூட்டிவிடு. போனில் பேசினால் மாடிக்குக் கேட்கும், அதனால்தான் கூரியர்.

அக்காவுக்கு என் வணக்கம். அடுத்த தையில் உனக்கும் ஒரு பத்திரிகை அடிக்க வேண்டும் என்று ஆசீர்வதிக்கும்,
மாமன் சுயம்புலிங்கம்

பி.கு.: உறையை ஒட்டுமுன் உன் அத்தை கண்ணாடி போட்டுக்கொண்டு பத்திரிகையை ஒருதரம் படித்தாள். மணமகன் என்ற இடத்தில் ஆண்டிபட்டி பொன்னுராஜ் இல்லை, உன் பேர் இருக்கிறது. வேல்விழியைக் கேட்டா, “மொத நாளே மாத்திட்டேம்ப்பா. நீங்க எல்லாரும் உங்க உங்க பேரத்தான பாத்தீக?”ங்கிறா. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. பூட்டை இப்போதைக்குப் போடாதே. அக்காவைக் கூட்டிக்கொண்டு உடனே கிளம்பி வா. இந்தப் பெர்மிஷனும் நீ குடுத்ததுதானான்னு நேர்ல சொல்லு.