பாலத்துக்கு இரண்டு பக்கமும் வரி

“ஏம்மா, நீ மின்னசோட்டாக்காரியா?” என்று கேட்டார் மிஸஸ் நூட்சன்.

கல்லூரி உதவித்தொகை அலுவலகத்தில் அவர் எதிரே உட்கார்ந்திருந்த பிரிட்டாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பிறந்ததிலிருந்து அவள் விஸ்கான்சின் மாநிலத்துக்காரி. மாநில எல்லையில் உள்ள சுப்பீரியர் ஊரில் அப்பாவோடு இருக்கிறவள்.

“இல்ல மேடம். பாலத்தைத் தாண்டினா மின்னசோட்டா. அங்க டுலூத்துல ஒரு பேக்கரியில வேலை பாக்கிறேன். அவ்வளவுதான்.”

“வரிப் படிவத்துல அங்கேயே குடியிருக்கிறதா எழுதியிருக்கியே. இது விஸ்கான்சின் பிள்ளைங்களுக்கு மட்டும் குடுக்கிற பணம். வெள்ளிக்கிழமைக்குள்ள சரி பண்ணிட்டு வா. இல்லேன்னா அடுத்த வருஷம் கிடையாது.”

சம்பளத்தில் மின்னசோட்டா வரி பிடித்திருந்தார்கள். அதனால் அங்கே குடியிருப்பவர்களுக்கான படிவத்தையே போட்டுவிட்டாள்.

அப்பா ஆர்லன் தானியம் ஏற்றும் சரக்கு ரயில் ஓட்டுகிறவர். எதிலும் யோசனை சொல்லத் தயங்காதவர். “பாதி நாள் அங்கதானே கிடக்கிற? பாதி வருஷம் அங்க, பாதி வருஷம் இங்கன்னு போடு.”

திருத்திப் போட்டாள். செவ்வாய்க்கிழமை அதைப் பார்த்த மேடம் கண்ணாடியைக் கழற்றினார். “அப்போ ஜூலையில வீடு மாறினியா? முதல்ல ஒரு தப்புதான் இருந்துச்சு.”

அப்பா அசரவில்லை. “பேக்கரியே நம்ம ஊர்லதான் இருக்குன்னு உன் முதலாளிய எழுதித் தரச் சொல்லு.”

முதலாளி டக், மாவுக் கையோடு அவளை முறைத்தார். “அடுப்பத் தூக்கிக்கிட்டு நானும் பாலத்தைத் தாண்டி வரணுமா? நல்லா இருக்கு உன் யோசனை.” அவளுடைய ஞாயிற்றுக்கிழமை வேலை வேறொருத்திக்குப் போனது.

புதன்கிழமை அப்பா மறுபடி வாயைத் திறந்தார்.

“நீங்க ஒண்ணும் சொல்லாதீங்கப்பா. காபி மட்டும் போட்டுக் குடுங்க.”

இரண்டு மாநிலங்களின் விளக்கப் புத்தகங்களையும் சமையலறை மேசையில் விரித்து முதல் வரியிலிருந்து படித்தாள். நான்கு கோப்பை காபிக்குப் பிறகு முடிச்சு அவிழ்ந்தது. வேலை எங்கே என்பது வேறு, வீடு எங்கே என்பது வேறு. வீடு இருக்கும் மாநிலத்தில் முழுச் சம்பளத்தையும் காட்ட வேண்டும். வேலை பார்க்கும் மாநிலத்துக்கு வெளிமாநிலத்தார் படிவம். அதோடு, அவள் சம்பாதித்த லட்சணத்துக்கு இரண்டு பக்கமும் வரியே கிடையாது. பிடித்ததெல்லாம் திரும்பி வரும்.

“எல்லாமா?” என்றார் அப்பா.

“எல்லாம்.”

வியாழக்கிழமை இரண்டு படிவங்களும் இணையத்தில் போயின, அன்றே இரண்டும் ஏற்கப்பட்டன. டக்கிடம் உள்ளதை உள்ளபடி சொன்னாள். சிரித்துக்கொண்டே ஞாயிற்றுக்கிழமையைத் திருப்பிக் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை பிரிட்டா தலை நிமிர்ந்து அலுவலகத்துக்குள் நுழைந்தாள். மிஸஸ் நூட்சன் ஒவ்வொரு பக்கத்தையும் விரல் வைத்துப் படித்தார். முதல் பக்கத்துக்குத் திரும்பி மறுபடியும் படித்தார்.

“யார் போட்டுத் தந்தாங்க?”

“நானேதான் மேடம்.”

உதவித்தொகைத் தாளில் முத்திரை விழுந்தது. பிரிட்டா எழுந்தாள். அவள் வாசலை அடைவதற்குள் மேடம் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். குரலைத் தாழ்த்தினார்.

“நான் டுலூத்துல குடியிருந்துக்கிட்டு இங்க வேலை பாக்கிறவ. பதினோரு வருஷமா வரிப் படிவத்தைத் தப்பாவே எழுதிட்டிருக்கேன் போல. எனக்கும் ஒண்ணு போட்டுத் தர்றியாம்மா?”