ஓட்டை இல்லாத போனும் சாயங்கால பஸ்ஸும்

நான் ஒரு போன் கம்பெனியின் விசுவாசி. பெயரைச் சொல்லமாட்டேன். (இத்தனை வருஷ விசுவாசத்துக்கு அவர்கள் ஒரு பவுச்கூட சும்மா தந்ததில்லை, நான் மட்டும் ஏன் இலவச விளம்பரம் தரவேண்டும்?) எங்கள் வீட்டில் அதற்கு 'உன் கம்பெனி' என்றுதான் பெயர். மற்றவர்கள் போன் வாங்குவார்கள். நான் கட்சியில் சேர்ந்தேன்.

கம்பெனி எதைப் பிடுங்கினாலும் எனக்கு அதில் ஒரு நியாயம் தென்படும். பாட்டரியைக் கழற்ற முடியாதபடி ஒட்டிவிட்டார்களா? "கழட்டி இன்னா பண்ணப்போறோம், வெயில்ல காயவைக்கவா?" என்பேன். ரேடியோவை எடுத்துவிட்டார்களா? "ரேடியோ கேக்கறவங்க ரேடியோ வாங்கட்டும்." டப்பாவில் சார்ஜர் இல்லையா? "வூட்டுக்கு வூடு பழைய சார்ஜர் கெடக்குது, பூமி தாங்குமா?" என்று பூமாதேவிக்கு வக்கீலாகவே மாறினேன். (அன்றைக்கே கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டு எதிர்க்கடையில் தனியாக ஒரு சார்ஜர் வாங்கியதை யாரிடமும் சொல்லவில்லை.) கடைசியில் ஹெட்போன் சொருகும் ஓட்டையையே அடைத்தார்கள். ஊரே திட்டியது. நான் மட்டும் எங்கள் பள்ளி சுமதி டீச்சரிடம், "ஓட்டை இருந்தா தூசி போவும், தண்ணி போவும். காலத்துக்குத் தகுந்த மாதிரி நாமதான் மாறணும் டீச்சர்" என்று வகுப்பெடுத்தேன். அவர் தன் ஓட்டை போனில் பாட்டுக் கேட்டபடியே தலையாட்டினார்.

அப்போது நான் கல்வராயன் மலையில், வெள்ளிமலையையும் தாண்டிய ஓர் ஊரில் தொடக்கப் பள்ளி ஆசிரியை. வீடு தியாகதுருகம் பக்கம். அம்மா களையெடுக்கவும் நாற்று நடவும் கூலிக்குப் போய் என்னை ஒற்றை ஆளாகப் படிக்கவைத்தவள். நான் டீச்சரான பிறகும் அவள் வேலையை விடவில்லை. சாயங்காலமானால் எனக்காகக் கவலைப்படுவது அவளுடைய இரண்டாவது வேலை.

கவலைக்குக் காரணம் இருந்தது. அந்த மலை ஊருக்குக் காலையில் ஒரு பஸ், மத்தியானம் ஒரு பஸ். பள்ளி விட்டபின் கீழே இறங்க ஒன்றுமே கிடையாது. மரவள்ளிக் கிழங்கு ஏற்றிய லாரி வந்தால் தொற்றிக்கொள்வோம்; வராவிட்டால் நடை. எங்கள் கதையாவது பரவாயில்லை. தூரத்து மேல்நிலைப் பள்ளிக்குப் போகும் ஊர்ப் பிள்ளைகள் காட்டுவழியில் இருட்டிய பிறகு வந்து சேருவார்கள். அதனாலேயே பெண்பிள்ளைகளின் படிப்பைப் பாதியில் நிறுத்தினார்கள். நன்றாகப் படிக்கிற பெண்களை அப்படி வீட்டில் உட்கார வைப்பதைப் பார்க்க எனக்கு வயிறு எரியும். ஊர்க்காரர்கள் மனுமேல் மனு கொடுத்துப் பார்த்தார்கள். பஸ் வரவில்லை.

அந்த வருஷம் பள்ளி ஆண்டு விழாவுக்குச் சிறப்பு விருந்தினராக வந்தவர், தேர்தலில் நின்றபோது சாயங்கால பஸ் விடுவதாக வாக்குக் கொடுத்து ஜெயித்த பிரமுகர். ஏன் கூப்பிட்டோம் என்றால், கூப்பிட்டு மாலை போட்டால் இரக்கம் வரும் என்பது எங்கள் தலைமையாசிரியரின் கணக்கு.

என் பொறுப்பு, பிள்ளைகளின் கோலாட்டம். பாட்டு என் போனில் இருந்தது. மைக் செட் ஏழுமலை ஒயரை நீட்டினார்.

"டீச்சர், போன குடுங்க, ஒயரு பின்ன சொருகிக்கறேன்."

"இதுல ஓட்டை கிடையாதுங்க."

ஏழுமலை போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அடைச்சிக்கிச்சா?"

"கம்பெனியே எடுத்துட்டாங்க. இனிமே எல்லாமே ஒயர் இல்லாமதான்."

"ஏங்க எடுத்தாங்க? நல்லாத்தான இருந்துச்சி?"

தலைமையாசிரியர் குறுக்கே வந்தார். "எதுக்கு வம்பு? சுமதி டீச்சர் போன்ல ஓட்டை இருக்குதாமே, அதுல போட்டுடலாம்."

கழுத்தை அறுத்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. "சார், என் போன்லதான் போடணும்" என்றேன். (கம்பெனி முதலாளியே அங்கே இருந்திருந்தால்கூட இவ்வளவு ரோஷம் காட்டியிருக்கமாட்டார்.) நல்லவேளை, ஏழுமலையிடம் ஒரு புளூடூத் பெட்டி இருந்தது. வாங்கியதோடு சரி, பிரிக்கவே இல்லை. அதை ஆம்பிளிபயரில் மாட்டி என் போனை இணைத்ததும், மரத்து உச்சியில் கட்டிய கூம்பு ஸ்பீக்கர்களில் பாட்டு கணீரென்று கேட்டது. எதிர்மலை ஊர் வரைக்கும் கேட்கட்டும் என்றுதான் அங்கே அத்தனை உயரத்தில் கட்டுவார்கள். நான் சுமதி டீச்சரைப் பார்த்த பார்வை இருக்கிறதே, உலகக் கோப்பை வாங்கியவன்கூட அப்படிப் பார்த்திருக்கமாட்டான்.

இதில் ஒன்றை மறந்துவிட்டேன். கம்பெனி அதற்குக் கொஞ்சநாள் முன்புதான் ஒரு புது வசதி கொடுத்திருந்தது. ஒயர் இல்லாத கருவி எதனுடனாவது இணைந்திருந்தால், வருகிற அழைப்பை போனே எடுத்துவிடும். கைவேலையாக இருப்பவர்களுக்கு உபகாரமாம். கம்பெனி கொடுத்ததை மறுக்கலாமா? வந்த அன்றே போட்டுவைத்திருந்தேன்.

இன்னொன்று, அந்த ஊரில் சிக்னல் கிடைக்கும் ஒரே இடம் பள்ளிக்கூடத்துப் பாறை. மேடை போட்டிருந்ததும் மைக் செட் வைத்திருந்ததும் அந்தப் பாறைமேல்தான்.

கோலாட்டம் தொடங்கியது. நான் மேடைக்குக் கீழே குந்திக்கொண்டு பிள்ளைகளுக்குக் கைகாட்டிக்கொண்டிருந்தேன். பாட்டு பாதியில் நின்றது. போன் மணி அடித்தது. பிறகு மலை முழுக்க என் அம்மாவின் குரல்.

"ஏண்டி, இன்னாடி பண்ற? மத்தியான பஸ்ஸ வுட்டுட்டியா?"

இந்த வரப்பிலிருந்து நாலாவது வரப்புக்குக் கூப்பிட்டுப் பழகிய தொண்டை அது. மைக்கே தேவையில்லை, மைக்கும் கிடைத்துவிட்டது.

"வுட்டுட்டியா? எனக்குத் தெரியும்! இன்னிக்கும் கெழங்கு லாரியிலதான் வரப்போற. பஸ்ஸு வுடுறேன்னு சொல்லி ஓட்டு வாங்கிக்கினு போனாரே ஒருத்தரு, அவரு இன்னிக்கு மேடையில மாலயப் போட்டுக்கினு குந்திக்கினு இருக்காரா? இருப்பாரு! அவுரு கார்ல வந்திருப்பாரு, அவுருக்கு இன்னா தெரியும்?"

பிரமுகர் கழுத்து மாலையை மெதுவாகக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். தலைமையாசிரியர் சாமி கும்பிடுவதுபோல் கண்ணை மூடிக்கொண்டார். பாட்டு நின்றாலும் ஆட்டத்தை நிறுத்தக்கூடாது என்று நான் படித்துப் படித்துச் சொல்லியிருந்தபடியால், பிள்ளைகள் அம்மாவின் பேச்சுக்கே கோல் அடித்து ஆடிக்கொண்டிருந்தார்கள். தாளம்கூடத் தப்பவில்லை.

கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடிப்போய், ஏழுமலையின் ஆம்பிளிபயர்மேல் கிடந்த போனைப் பிடித்தேன். பொத்தான்களையெல்லாம் எடுத்துவிட்டு எல்லாவற்றையும் கண்ணாடிக்குள்ளேயே வைத்திருந்தது கம்பெனி. பிள்ளைகளின் கன்னத்துக்கு ரோஸ் சாயம் தடவிய என் விரலில் ஒரே எண்ணெய்ப் பிசுக்கு. எவ்வளவு தேய்த்தும் கண்ணாடி அதை விரல் என்றே ஒத்துக்கொள்ளவில்லை. ஏழுமலை சத்தத்தைக் குறைக்கக் கை நீட்டினார். முன்வரிசையில் இருந்த ஒரு மலைக்காரப் பெண், "ஏ ஏழுமல, கைய எடு! அந்தம்மா நாயத்தத்தான பேசுது?" என்று அதட்டினார். கூட்டமே "பேசட்டும், பேசட்டும்" என்றது.

நான் கத்தினேன். "அம்மா! போன வை! நீ பேசறது மைக்ல கேக்குது!"

அம்மா பதறி வைத்துவிடுவாள் என்றுதான் நினைத்தேன்.

"மைக்லயா? ஊரே கேக்குதா?"

"ஆமாம்மா. எதிர்மலைக்கே கேக்குது. வை."

"அவுரும் கேக்கறாரா?"

"கேக்கறாரும்மா..."

அம்மா ஒருமுறை தொண்டையைச் செருமிக்கொண்டாள். "அப்ப சரி, மொதல்லேர்ந்து சொல்றேன். ஐயா, வணக்கங்க. நான் டீச்சரோட அம்மாங்க. கூலி வேலதாங்க. எம்பொண்ணு எப்டியோ லாரியப் புடிச்சி வந்துருங்க. ஆனா அந்த ஊரு பொம்பளப் புள்ளைங்க படிச்சிட்டு இருட்டுல வரமுடியாம வூட்டுல குந்திக்கினு இருக்குதுங்களாம். பொழுது சாயறப்ப ஒரே ஒரு பஸ்ஸு வுட்டா, அதுங்களும் எம்பொண்ணு மாதிரி டீச்சராவுங்க. வேற ஒண்ணும் கேக்கலீங்க."

வாழ்நாளில் ஒரு கூட்டத்தில்கூட வாய் திறக்காதவள் என் அம்மா. அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது எனக்கு. கைதட்டல் அடங்க வெகுநேரமாயிற்று. அதற்குள் ஏதோ பொதுக்கூட்டம் என்று எண்ணி எதிர்மலைக்காரர்கள் வேறு வந்து சேர்ந்திருந்தார்கள்.

பிரமுகர் எழுந்து மைக்கைப் பிடித்தார். "தாயோட வேண்டுகோளை ஏத்துக்கறேன். சீக்கிரமே பஸ் வரும்."

விடுவாளா அம்மா? ஸ்பீக்கரிலிருந்து பதில் வந்தது. "சீக்கிரம்னா எப்பங்க?"

அவர் கூட்டத்தைப் பார்த்தார். கூட்டம் அவரையே பார்த்தது. "பொங்கலுக்குள்ள" என்றார்.

"நல்லா இருப்பீங்க. ஏண்டி, சாப்புட்டியா?" என்று கேட்டுவிட்டு அம்மா வைத்தாள்.

பொங்கலுக்கு முன்பே பஸ் வந்தது. வாழைமரம் கட்டி வரவேற்றார்கள். நின்றுபோன பெண்கள் மறுபடி படிக்கப் போனார்கள். அந்த பஸ்ஸை ஊரில் இன்றும் 'டீச்சரம்மா பஸ்' என்கிறார்கள். டீச்சராகிய நான் இல்லை, டீச்சரின் அம்மா.

கம்பெனி என்ன செய்தது தெரியுமா? அடுத்த மாடலில், அழைப்பைத் தானே எடுக்கும் அந்த வசதியைத் தூக்கிவிட்டது. 'பயனர்களின் நலன் கருதி' என்று விளக்கம் வேறு. பாட்டரி போனபோது பொறுத்தேன், சார்ஜர் போனபோது பொறுத்தேன், ஓட்டை அடைபட்டபோதுகூட வக்காலத்து வாங்கினேன். இது மட்டும் பொறுக்கவில்லை. வாழ்க்கையில் முதன்முறையாக என் கம்பெனியைத் திட்டி ஒரு புகார் அனுப்பினேன். பதிலில்லை.

இந்தச் செய்தியை அம்மாவிடம் நான் இன்னும் சொல்லவில்லை. மனம் வரவில்லை. இப்போதும் போன் பண்ணினால் அவள் 'நல்லா இருக்கியா' என்று தொடங்குவதில்லை. சத்தம் மைக்கில் விழுந்துவிடாமல் அங்கே வீட்டில் எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டு காத்திருக்க, எடுத்த எடுப்பில் கேட்கிறாள்:

"ஏண்டி, பெரிய மனுசங்க யாராவது பக்கத்துல இருக்காங்களா? இருந்தா மைக்ல போடு. ரோடு விசயமா ரெண்டு வார்த்த பேசணும்."