செம்பூருக்குப் போகாத ஓட்டப் பந்தயம்

நெடுந்தூரம் ஓடுகிறவனுக்குக் கால் வேண்டும், மூச்சு வேண்டும், மனத்திடம் வேண்டும் என்று ஆளாளுக்குச் சொல்வார்கள். எல்லாம் சரிதான். முன்னால் போய்க்கொண்டிருப்பவன் யார் என்று ஒரு வார்த்தை விசாரித்துக்கொள்ள வேண்டும் என்பதை மட்டும் யாரும் சொல்லித் தருவதில்லை. அதை நான் பம்பாயில் சொந்தச் செலவில் கற்றுக்கொண்டேன்.

அறுபதுகளில் கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து பம்பாய்க்குக் கல்லூரியில் சேர வந்தவன் நான். படிக்க வந்தேன் என்று சொன்னால் எனக்குப் பாடம் எடுத்தவர்கள் சிரிப்பார்கள். ஓட வந்தேன். எங்கள் பக்கத்தில் பத்து மைல் பந்தயம் என்றால் பரிசுக் கிண்ணத்தில் முதலிலேயே என் பெயரைப் பொறித்துவிடலாம். கரிசல்காட்டுச் சாலை. எதிரே ஓர் ஆடு வந்தால் உண்டு, இல்லாவிட்டால் அதுவும் இல்லை. அப்படி ஓடி ஓடி, இந்த உலகத்தில் என்னைவிட நீண்ட மூச்சுள்ளவன் நாதஸ்வரக்காரன் ஒருவன்தான் என்ற முடிவுக்கு வந்திருந்தேன். (அடக்கம் என்பதெல்லாம் அப்போது அடுத்த வீட்டுக்காரர்களுக்கானது.)

தாராவியில் என் சித்தப்பா இருந்தார். குர்லாவில் ஒரு ஒர்க் ஷாப்பில் ஃபிட்டர். மாட்டுங்காவில் ஒரு கல்லூரியின் உடற்பயிற்சி ஆசிரியர் அனந்தநாராயணன் சார் தன் மோட்டார் சைக்கிளைப் பழுது பார்க்க அங்கேதான் விடுவார். ஒருநாள் வண்டியைக் கழற்றிப் போட்டுக்கொண்டே சித்தப்பா அளந்திருக்கிறார்.

"எங்க அண்ணன் மவன் ஓட ஆரம்பிச்சா பஸ்ஸு பின்னாலதான் சார் வரும்."

சார் பாலக்காட்டுக்காரர். "அப்படியாக்கும்? அழைச்சுண்டு வாரும், பார்ப்போம்" என்றார். கேலியாகச் சொன்னாரா, நிஜமாகவே சொன்னாரா என்று சித்தப்பா யோசிக்கவில்லை. அன்று மாலையே தந்தி அடித்துவிட்டார்.

நான் வந்து நின்றதும் சார் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு நிபந்தனை சொன்னார். கல்லூரிகளுக்கிடையே நடக்கும் பந்தயத்தில் முதல் மூவரில் ஒருவனாக வந்தால் கல்லூரிச் சம்பளம் கட்ட வேண்டாம், விடுதியில் இடம். வராவிட்டால் அடுத்த ரயிலில் ஊருக்கு. ஊரில் தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்கும் வேலையை அப்பா ஏற்கெனவே பேசி வைத்திருந்தார். மகன்மேல் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை.

பம்பாயில் பயிற்சி எடுத்த முதல் நாளே என் கர்வத்துக்கு அடி விழுந்தது. ஊரில் நான் ஓடினால் ஜனங்கள் வாசலுக்கு வந்து பார்ப்பார்கள். இங்கே ஒரு ஈ காக்கைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. ஏனென்றால் எல்லோருமே ஓடிக்கொண்டிருந்தார்கள். தாராவியில் குழாயடிக்கு ஓடினார்கள், மாட்டுங்காவில் ரயிலுக்கு ஓடினார்கள். நெற்றியில் சந்தனம், கையில் டிபன் டப்பாவுடன் ஒரு ஆபீஸ் மாமா, "எக்ஸ்க்யூஸ் மீ" என்று என்னை முந்திக்கொண்டு போனார். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

"எதுக்குல மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க?" என்றாள் சித்தி. "அவங்களுக்கு ரயிலு போயிரும். ஒனக்கு என்ன போகுது?"

பந்தயத்துக்கு என்னைத் தயார் செய்யும் பொறுப்பைச் சித்தப்பா ஏற்றுக்கொண்டார். ஒர்க் ஷாப் சட்டைக்கென்று கொடுத்த காக்கித் துணியில் எனக்கு அரைக்கால் சட்டை தைத்தார். வெள்ளை பனியன் வாங்கினார். காற்று தடுக்கக் கூடாது என்று முடியை ஒட்ட வெட்டிவிட்டார். கண்ணாடியில் பார்த்தேன். கம்பீரமாகத்தான் இருந்தது. கடைசியாக, வழியில் உதவும் என்று ஒரே ஒரு இந்தி வாக்கியமும் கற்றுக்கொடுத்தார்.

"யாரப் பாத்தாலும் 'அவுர் கித்னா?'ன்னு கேளு. இன்னும் எவ்வளவுன்னு அர்த்தம். தூரத்தச் சொல்லிருவான்."

பந்தயம் மாட்டுங்காவில் கல்லூரி வாசலிலிருந்து புறப்பட்டு, கிங்ஸ் சர்க்கிள், சயான் வழியாகச் செம்பூர் வரை போய் அதே வழியில் திரும்ப வேண்டும். வழி தெரியாதவர்கள் பயப்பட வேண்டாம் என்று சார் எல்லோரையும் நிறுத்திச் சொன்னார். "முன்னால ஒரு சைக்கிள் போகும். பின்னால சிவப்புத் துணி கட்டியிருக்கும். அதை விடாம போனா போறும்."

இந்த உலகத்தில் நான் ஒரு ஆசிரியர் சொன்னதை அட்சரம் பிசகாமல் கேட்டு நடந்தது அன்றைக்கு மட்டும்தான்.

ஞாயிற்றுக்கிழமைக் காலை. சித்தப்பா, சித்தி, தாராவியில் எங்கள் சந்து முழுவதும் மாலையோடு கல்லூரி வாசலில் நின்றது. விசில் ஊதியதும் பாய்ந்தேன். கிங்ஸ் சர்க்கிள் தாண்டும்போது என் பக்கத்தில் யாரும் இல்லை. சயான் வரும்போது பின்னாலும் யாரும் இல்லை. அங்கே வழிகாட்டிச் சைக்கிளுக்குச் செயின் கழன்று, அந்தப் பையன் சாலையோரம் குனிந்து மாட்டிக்கொண்டிருந்தானாம். இது எனக்குப் பிறகுதான் தெரியும். எனக்கென்ன, சிவப்புத் துணிதானே கணக்கு? நிமிர்ந்து பார்த்தேன். கொஞ்ச தூரத்தில், கேரியரில் கட்டிய மூட்டையின்மேல் சிவப்புத் துணி போர்த்தி ஒரு சைக்கிள் போய்க்கொண்டிருந்தது. விரட்டினேன்.

செம்பூர் சாலை பிரியும் முனையில் சைக்கிள் வேறு பக்கம் திரும்பியது. நானும் திரும்பினேன். முனையில் நின்ற தொண்டர் ஒருவர் இரண்டு கையையும் வீசி மராத்தியில் ஏதோ கத்தினார். பம்பாயிலும் எனக்கு ரசிகர்கள் சேர்ந்துவிட்டார்கள் என்று சந்தோஷப்பட்டு நானும் பதிலுக்குக் கையை வீசினேன்.

அப்போதுதான் சைக்கிள்காரர் திரும்பிப் பார்த்தார். மீசைக்கார ஆள். என்னைப் பார்த்ததும் அவர் முகம் போன போக்கைச் சரியாகப் புரிந்துகொண்டிருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலையில்லை. என் வேகத்தைப் பார்த்து மலைத்துவிட்டார் என்று எடுத்துக்கொண்டேன். அவர் எழுந்து நின்று மிதித்தார். என்னைச் சோதிக்கிறாராம்! நானும் வேகத்தைக் கூட்டினேன்.

"அவுர் கித்னா?" என்று கத்தினேன்.

அவர் மூட்டையிலிருந்து எதையோ உருவிப் பின்னால் எறிந்தார். தடித்த கருஞ்சாரை மாதிரி ஒரு சைக்கிள் ட்யூப், இரண்டு முனையும் கட்டியிருந்தது, தொப்பென்று விழுந்தது. பாவம், எனக்காகப் பாரத்தைக் குறைத்துக்கொண்டு ஓட்டுகிறார் என்று நினைத்துத் தாண்டினேன். அடுத்த ட்யூப் என் காலடியில் கல்லில் பட்டு வெடித்தது. தலை முதல் கால் வரை நனைந்தேன். அழுகின பலாப்பழத்தை மண்ணெண்ணெயில் ஊறவைத்த மாதிரி ஒரு வாசனை. ஓடுகிறவர்களுக்குப் பம்பாயில் இப்படித்தான் மருந்துத் தண்ணீர் தெளிப்பார்கள் போலிருக்கிறது, என்ன இருந்தாலும் பட்டணம் பட்டணம்தான் என்று நினைத்துக்கொண்டேன். (இதை எழுதும்போது என் மனைவி தோளுக்குப் பின்னால் நின்று தலையில் அடித்துக்கொள்கிறாள்.)

சுனாபட்டி ரயில்வே கேட் மூடியிருந்தது. கூட்ஸ் வண்டி போய்க்கொண்டே இருந்தது. சைக்கிள்காரருக்கு வேறு வழியில்லை. சைக்கிளைச் சாய்த்துவிட்டு, கைகளைக் கூப்பிக்கொண்டு நின்றார். நான் போய்ச் சேர்ந்து, இடுப்பில் கைவைத்துக் கேட்டேன்.

"அவுர் கித்னா?"

அவர் மூட்டையை அவிழ்த்து, மிச்சமிருந்த ட்யூபை எடுத்துத் தரையில் வைத்தார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. தூரத்தைக் கேட்டால் ட்யூபைக் காட்டுகிறாரே?

"அவுர் கித்னா?"

சட்டைக்குள் கைவிட்டு, வயிற்றில் கட்டியிருந்த கால்பந்து பிளாடர் ஒன்றை எடுத்து வைத்தார். அதுவரை தொந்தி என்று நினைத்திருந்தேன்.

"அவுர் கித்னா?" என்று கொஞ்சம் கடுப்பாகவே கேட்டேன். செம்பூர் எங்கே, மற்ற ஓட்டக்காரர்கள் எங்கே?

அவர் வேட்டி மடிப்பைத் தட்டிக் காட்டினார். கண்ணில் நீர் தளும்ப வானத்தைப் பார்த்தார். "ஏ சொடலமாடா! இந்தப் பய மூச்சுக்கூட வாங்கலயே! இவனுக்குன்னு நான் புதுசா காய்ச்சியா குடுக்க முடியும்?"

தமிழ்! அதுவும் எங்கள் பக்கத்துத் தமிழ்!

"அண்ணாச்சி, நீங்க நம்ம ஊரா?"

அவர் கூப்பிய கையை இறக்காமலே என்னை உற்றுப் பார்த்தார். "நீ போலீசு இல்லியால?"

"நான் காலேஜு, அண்ணாச்சி. ஓட்டப் பந்தயம்."

"அப்ப எதுக்குல காக்கி நிக்கரு? எதுக்குல இந்த மொட்டை? பரேடு முடிஞ்ச கையோட தொரத்துதான்னுல்லா நெனச்சேன்! குடிக்கிறவன் வயித்தெரிச்சல் உன்னைச் சும்மா விடுமா?"

அப்போது பம்பாயில் மதுவிலக்கு. காய்ச்சிய சாராயத்தைச் சைக்கிள் ட்யூபிலும் பிளாடரிலும் அடைத்துக் கொண்டுபோய்க் கொடுப்பது ஒரு தொழில். பெயர் சுடலைமுத்து, சொந்த ஊர் சங்கரன்கோவில் பக்கம். இதையெல்லாம் தண்டவாளத்து ஓரத்தில் உட்கார்ந்து அவர் சொன்னபோது எனக்கு முதன்முறையாக மூச்சு வாங்கியது. பந்தயம் போயிற்று. கல்லூரி போயிற்று. தீப்பெட்டி ஆபீஸ் கண்முன் வந்து நின்றது. தேம்பித் தேம்பி அழுதேன். தன் சரக்கு முழுவதையும் நாசமாக்கியவனைச் சுடலைமுத்து அண்ணாச்சி தோளில் தட்டினார்.

"அழாதல. ஏறு. கொண்டுபோய் விடுதேன்."

"பந்தயத்துல சைக்கிள்ல ஏறக் கூடாது அண்ணாச்சி."

"வழி தெரியுமா?"

தெரியாது. ஏறினேன்.

மாட்டுங்காவில் பந்தயம் முடிந்திருந்தது. ஜெயித்த பையனைப் படம் பிடிக்க, ஃபோட்டோக்காரர் நாடாவை மறுபடி கட்டி, "இன்னொரு தடவை ஓடி வாங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அண்ணாச்சி பிரேக் பிடித்தார். தப்பிக்கிற அவசரத்தில் அது எங்கேயோ கழன்று விழுந்திருந்தது. "ஏ, வழி விடுங்க! வழி விடுங்க!" என்று கத்திக்கொண்டே அவர் நாடாவை நெஞ்சால் அறுத்தார். பின்னால் கேரியரில் கம்பீரமாக நான்.

சித்தி மாலையோடு ஓடி வந்தாள். அருகில் வந்ததும் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றுவிட்டாள். சந்து முழுவதும் இரண்டடி பின்வாங்கியது.

"எங்க, வாய ஊது" என்றாள்.

"சித்தி, நான்..."

"ஊதுல!"

அத்தனை கல்லூரிகளுக்கும் முன்னால் ஊதினேன். சித்தி முகர்ந்து பார்த்துவிட்டுச் சித்தப்பாவிடம் திரும்பினாள். "வாயில இல்ல. ஆனா பயபுள்ள அதுல முங்கிக் குளிச்சிட்டு வந்திருக்கான்."

அனந்தநாராயணன் சார் வந்தார். முகம் சிவந்திருந்தது. "செம்பூர் போகச் சொன்னா இப்படியாக்கும் வர்றது? ரயிலுக்கு டிக்கெட் எடுத்தாச்சா?"

நழுவியிருக்க வேண்டிய சுடலைமுத்து அண்ணாச்சி துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு முன்னால் வந்தார்.

"சார், பயலத் திட்டாதீங்க. என் சைக்கிளு பின்னால சிவப்புத் துணி இருக்கேன்னு நம்பி வந்துட்டான்."

"நீர் யாரு?"

"வியாபாரம்."

"என்ன வியாபாரம்?"

"தண்ணி வியாபாரம், சார்." கொஞ்சம் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "என்னைய எத்தனையோ பேரு தொரத்தியிருக்காங்க. லத்தியோட தொரத்தியிருக்கான், நாய விட்டுத் தொரத்தியிருக்கான், ஜீப்புல வந்தும் தொரத்தியிருக்கான். ஒரு பயலும் என்னையப் பிடிச்சதில்ல. இவன் சயான்லேர்ந்து சுனாபட்டி வரைக்கும் சந்து சந்தா ஓடி வந்து பிடிச்சுப்புட்டான். பிடிச்சதுமில்லாம, இடுப்புல கைய வச்சுக்கிட்டு 'இன்னும் எவ்வளவு'ங்கான் சார்! இவன ஊருக்கு அனுப்பிராதீங்க. எனக்கு நிம்மதிதான், உங்களுக்குத்தான் நட்டம்."

சார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். முதுகு குலுங்கியது. கோபத்தில் என்று நினைத்தேன். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபோதுதான் தெரிந்தது, சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர். சித்தப்பாவும் சிரித்தார். ஜெயித்த பையன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான். சித்தி மட்டும் சிரிக்காமல், வீணாகக் கூடாது என்று மாலையை அண்ணாச்சி கழுத்தில் போட்டாள்.

அடுத்த வாரம் கல்லூரி மைதானத்தில் என்னைத் தனியாக ஓடவிட்டுப் பார்த்தார் சார். வட்டமாக ஓடினால் எந்த மடையனும் வழி தவற முடியாது என்பது அவர் கணக்கு. விடுதியில் இடம் கிடைத்தது. மறு வருஷம் அதே பந்தயத்தில் செம்பூரை நேரிலேயே பார்த்தேன், முதலாவதாகத் திரும்பியும் வந்தேன். சாலையோரத்தில் கத்தி ஆர்ப்பாட்டம் செய்தவர்களில் அண்ணாச்சியின் குரல்தான் பெரிது. அதற்குள் அவர் பழைய தொழிலை விட்டுவிட்டு, தாராவியில் டீக்கடை போட்டிருந்தார். போலீசிடமிருந்து தப்பிக்கலாம், காலேஜுப் பசங்களிடமிருந்து தப்பிக்க முடியாது என்று காரணம் சொன்னார்.

எல்லோரும் இதை மறந்துவிடுவார்கள் என்று சில வருஷங்கள் நம்பிக்கொண்டிருந்தேன். என் கல்யாணத்தில், ஆரத்தித் தட்டோடு வாசலில் நின்ற சித்தி, புதுப் பெண்ணுக்கு முன்னால் என்னைப் பார்த்துச் சொன்னாள்.

"உள்ள வர்றதுக்கு முன்னால, எங்க, ஊது."

பக்கத்தில் நின்றவளுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் புத்திசாலி. விசாரித்துத் தெரிந்துகொண்டாள். இன்றைக்கும் காலையில் செம்பூரில் நடைப் பயிற்சி முடிந்து நான் வீடு திரும்பினால், கதவைப் பாதிதான் திறப்பாள். பேத்தி தூக்கக் கலக்கத்தோடு அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டு நிற்பாள். இரண்டு பேரும் ஒரே குரலில் கேட்பார்கள்.

நான் ஊதுவேன். பிறகுதான் காப்பி.