பல் டாக்டர் வாங்கிய வேகம்

கிட்ட வந்து உட்காருங்க கண்ணுங்களா. ஒரே ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு, அதற்குக் காவல் இருந்தே இளைத்துப்போன ஒரு பெரிய மனிதரின் கதை சொல்கிறேன்.

ஷோரூம்காரர் மூன்றாவது முறை போன் செய்தபோது, பல் டாக்டர் பாதி பிடுங்கிய பல்லோடு நின்றிருந்தார்.

“சார், ஸ்டாண்டர்டா, பெர்ஃபார்மன்ஸ் பேக்கேஜா? இன்னிக்கே ஆர்டர் போகணும்.”

இரண்டும் ஒரே ஸ்போர்ட்ஸ் கார்தான். பேக்கேஜ் என்றால் பெரிய பிரேக், விறைப்பான ஸ்பிரிங், கூடுதல் வேகம். வீட்டிலிருந்து கிளினிக் இரண்டு கிலோமீட்டர். நடுவில் ஐந்து சிக்னல். அந்த வேகம் இல்லாமல் மனிதர் எப்படிப் போய்ச் சேருவார், பாவம்!

ஆனால் அவர் மனைவி, பள்ளித் தலைமையாசிரியை, முதுகுவலிக்காரி. “குலுக்குற வண்டின்னா நான் ஏறவே மாட்டேன்” என்று சொல்லியிருந்தாள். “உன் மேல சத்தியமா ஸ்டாண்டர்டுதான்” என்று இவரும் அடித்துச் சொல்லியிருந்தார்.

“பெர்ஃபார்மன்ஸே போடுங்க” என்று கிசுகிசுத்தார். “ஆனா அந்தப் பேக்கேஜ் சின்னத்தை வண்டியில ஒட்டாதீங்க. சிவப்பு பிரேக்கைக் கறுப்பாக்கிடுங்க. பார்த்தா ஸ்டாண்டர்டு மாதிரியே இருக்கணும்.”

வண்டி வந்தது. அப்படியே இருந்தது.

“என்னங்க, தூக்கித் தூக்கிப் போடுதே?”

“ரோடு சரியில்ல.”

போன வாரம் போட்ட ரோடு.

குலுங்காமல் இருக்க ஆமை மாதிரி ஓட்டினார். சைக்கிளில் முந்திப் போன ஒருவர் திரும்பிப் பார்த்துப் பரிதாபப்பட்டார்.

“ஸ்போர்ட்ஸ் கார்னீங்க?”

“புது இன்ஜின்டி. மெதுவாப் பழக்கணும்.”

அடுத்து அவள் சீட்டில் இரண்டு மெத்தையைப் போட்டார். தலை கூரையில் இடித்தது. முதுகோடு கழுத்தும் சேர்ந்துகொண்டது.

“நீ கொஞ்சம் உயரம் ஜாஸ்தி” என்றார். இருபத்தாறு வருஷமாகக் குள்ளச்சி என்று கேலி செய்த அதே வாய்!

அவள் கோபிக்கவில்லை. அவர் தோளைத் தட்டிக் கொடுத்தாள். “ஸ்டாண்டர்டே இந்தப் போடு போட்டா, அந்தப் பேக்கேஜ் என் முதுகை ஒடிச்சிருக்கும். நல்லவேளை, என் பேச்சைக் கேட்டீங்க. உங்களை மாதிரி யாருங்க வருவா?”

திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். அன்று இரண்டு வாய் சோறுகூட இறங்கவில்லை.

மறுநாள் காலை நேரே சர்வீஸ் சென்டருக்குப் போய் மெக்கானிக்கின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“தம்பி, இந்தப் பேக்கேஜ் சமாசாரம் மொத்தத்தையும் கழட்டிடு. ஸ்டாண்டர்டா மாத்திக் கொடு. என் பொண்டாட்டி முதுகு போகுதுப்பா, கூடவே என் மானமும் போகுது.”

மெக்கானிக் வண்டியைத் தூக்கி அடியில் பார்த்தார். கம்ப்யூட்டரைப் பார்த்தார். பிறகு டாக்டரைப் பார்த்தார், சொத்தைப் பல்லைப் பார்ப்பது போல.

“கழட்ட என்ன சார் இருக்கு? ஆர்டரை உறுதி பண்ண ஷோரூம்லேர்ந்து வீட்டுக்குப் போன் போட்டப்பவே, உங்க வீட்டம்மா ஸ்டாண்டர்டா மாத்தச் சொல்லி, மிச்சப் பணத்தையும் வாங்கிட்டாங்களே!”

உங்கள் வீட்டில் யாருக்கும் முதுகுவலி வராமல், வந்தாலும் அது இப்படிப் பொய்யாகவே இருந்து, எல்லாரும் நல்லா இருக்கணும் கண்ணுங்களா.